பதினொரு பேர் நின்ற மைதானம்

அன்புள்ள சம்பந்தி,

'பெருமதிப்புக்குரிய' என்று தொடங்கி, அதை வெட்டிவிட்டுத்தான் இப்படி எழுதுகிறேன். உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் நான் எழுதிய பக்கத்தை எல்லோரும் பாராட்டினார்கள். பண்பாளர், பெருந்தகை, பழகுவதற்கு இனியவர் என்றெல்லாம் எழுதியிருந்தேன். அதில் பொய் இல்லை. ஆனால் உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறு யாருடைய பெயரைப் போட்டாலும் அது அப்படியே பொருந்தும். பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையின் தகப்பனைப் பற்றி வேறு எப்படி எழுதுவது? இந்தக் கடிதம் அந்த வகை இல்லை. நாலு பேர் இதை வாசிக்கப்போகிறார்கள், வாசிக்கட்டும். உங்களுக்குத் தெரிந்ததையே இடையிடையே அவர்களுக்காக விளக்கிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுப் புதினங்கள். உங்கள் பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அந்த ஓட்டை வாயோடு என்னைப் பிரெஞ்சில் திருத்துகிறாள். உங்கள் மகன் பின்படிக்கட்டை ஒருவழியாகத் திருத்திவிட்டான், நீங்கள் ஆறு வருடம் கேட்ட படிக்கட்டு. செயின்ட்-மிஷேலில் உங்கள் டெப்பனரை, அந்த மூலைக்கடையை, வாங்கியவர் பத்திரிகை விற்பதை நிறுத்திவிட்டார். உங்களிடம் நாளும் பத்திரிகை வாங்கிய ரெயால் இன்னும் காலையில் அங்கே போய், பத்திரிகை இல்லை என்று தெரிந்தும் கேட்டுவிட்டு வருகிறார்.

நாம் பத்து வருடம் சம்பந்திகளாக இருந்தோம். அந்தப் பத்து வருடத்தில் ஒரு வாசலையாவது ஒழுங்காகக் கடந்திருக்கிறோமா? ஜான்-டலோன் மெற்றோவில் நடந்தது நினைவிருக்கிறதா? சந்தையில் வாங்கிய கத்தரிக்காய்ப் பையோடு நீங்கள் கதவுக்கு ஒரு பக்கம், நான் மறுபக்கம்.

"நீங்கள் முதல் ஏறுங்கோ சம்மந்தி."

"சீச்சீ, நீங்கள் ஏறுங்கோ."

"வயசுக்கு நீங்கள்தான் மூப்பு."

"முறைக்கு நீங்கள்தான் மூப்பு."

கதவு மூடிவிட்டது. அடுத்த ரயிலுக்கும் இதே கதைதான். மூன்றாவது ரயில் வந்தபோது பின்னால் நின்ற ஒரு பெண் நம் இருவரையும் கத்தரிக்காயோடு சேர்த்து உள்ளே தள்ளிவிட்டாள். இதை ரெயாலுக்குச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. முப்பது வருடம் மெற்றோ ஓட்டியவர் அவர். உங்களைப் போன்ற ஆட்களால்தான் என் நேரம் எல்லாம் பிந்தியது என்றார்.

ரெயால் உங்கள் கடை வாடிக்கையாளர். முப்பது வருடம் சுரங்கச் சுவரையே பார்த்துக்கொண்டு ரயில் ஓட்டியவருக்கு ஓய்வு பெற்றபின் ரயிலும் வேண்டியிருந்தது, சுவருக்குப் பதிலாக மலையும் ஆறும் வேண்டியிருந்தது. அதனால் செயின்ட்-மிஷேலில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ட்டில் இருந்த மாதிரி ரயில் சங்கத்துக்குத் தலைவரானார். அவர் உங்களைக் கூட்டிப்போனார். நீங்கள் மரியாதைக்கு என்னைக் கேட்டீர்கள், நான் மரியாதைக்கு வந்தேன். அடுத்த சனிக்கிழமையே எனக்கு அதில் பைத்தியம் பிடித்துவிட்டது.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சங்கத்தில் ஏழு பேர். ஆளுக்கு நாலடி நீளப் பலகை ஒன்று. அதன் நடுவே தண்டவாளம் ஓடவேண்டும், மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். மலை வைக்கலாம், பால் பண்ணை வைக்கலாம். பலகையை வீட்டில் வைத்துச் செய்து, சனிக்கிழமை பிற்பகல் கொண்டுவந்து ஒன்றோடொன்று பூட்டினால் ஒரு வட்டம் வரும். ஒரு பலகை வராவிட்டால் வட்டம் மூடாது, ரயில் ஓடாது. ஆகவே ஆளுக்குக் காய்ச்சல் என்றாலும் பலகை வந்தே ஆகவேண்டும்.

இன்னொன்று. அந்தச் சங்கத்தில் எல்லோருக்கும் பேஸ்போல் பைத்தியம். இந்த நகரத்தின் அணி எல்லை தாண்டி வேறு ஊருக்குப் போய்க் கனகாலமாகிவிட்டது. ஆனாலும் அவர்கள் இன்னும் அதே தொப்பியைத்தான் போடுகிறார்கள், அந்த அணி பேருந்தைத் தவறவிட்டு நாளைக்கு வரப்போகிறது என்பதுபோலப் பேசுகிறார்கள். நமது ரயில்களுக்கு மணிக்கூட்டுக் கணக்கே கிடையாது. வானொலியில் பேஸ்போல் ஆட்டம் ஓடும், பனிக்காலத்தில் பதிவு செய்துவைத்த பழைய ஆட்டம். மூன்று பேர் அவுட்டாகிப் பக்கம் மாறும்போது ஜினெத் மணி அடிப்பார். அப்போதுதான் நிலையத்தில் நிற்கிற ரயில் புறப்படலாம்.

ஜினெத் ஓய்வு பெற்ற தபால்காரி. பழைய அணியில் யார் எந்த வருடம் எத்தனை அடித்தார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். வானொலியில் வருவதோ ரொறன்ரோவின் ஆட்டம். ரொறன்ரோவை இவர்களுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ரொறன்ரோ நின்று அடிக்கத் தொடங்கினால் நமது ரயில் எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு நாள் அவர்கள் ஓயாமல் அடித்து, பால் ஏற்றிய ரயில் முக்கால் மணித்தியாலம் அசையவில்லை. பால் திரைந்துவிட்டது என்று ஜினெத் வானொலியைத் திட்டினார். வெறும் வெள்ளை மை பூசிய தகரப் பெட்டிக்கு அவர் அப்படிக் கவலைப்பட்டதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த மனுசியைப் பிடித்துப்போனது.

பேஸ்போல் எனக்குப் புதிதில்லை. இந்த நாட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை பெரிய ஸ்ரேடியத்தில் கதிரைகளுக்குக் கீழே கச்சான் கடலைக் கோது கூட்டுவது. நாலு கோடை கூட்டினேன். இதை நீங்கள் போகிற வாற இடமெல்லாம் சொன்னீர்கள். "எங்கட சம்மந்தி ஸ்ரேடியத்தில இருந்தவர்" என்பீர்கள். கேட்கிறவர்கள் நான் அங்கே விளையாடியதாக நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்தியதில்லை. உங்களுக்கோ கிரிக்கெட்தான். பள்ளிக்கூட அணியில் விக்கெட் காத்ததை நீங்கள் சொல்லாத சனிக்கிழமை இல்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில், உங்கள் பலகையில் ஒரு பேஸ்போல் மைதானம் செய்துகொண்டிருந்தீர்கள். பச்சைப் புல், சிவப்பு மண், சாப்பாட்டுக்கடை, விளக்குக் கம்பம் எல்லாம் முடிந்து ஆட்களை நிறுத்துகிற கட்டம். பெட்டியில் வந்த பொம்மை வீரர்கள் விரல் நகத்தின் உயரம். நீங்கள் சாவணத்தால் ஒவ்வொருவராகத் தூக்கி வைத்து, முகம் கறுத்து நிமிர்ந்தீர்கள்.

"சம்மந்தி, இஞ்சை பாருங்கோ. ரெண்டு பேர் குறையுது. பெட்டிக்குள்ள ஒன்பது பேர்தான் கிடக்கு. கள்ளர்."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா தேத்தண்ணியோடு இறங்கி வந்தார். பின்னால் என் மகளும் உங்கள் மகனும். மாப்பிள்ளையின் தகப்பனை அவருடைய மனைவி, மகன், மருமகள் எல்லோருக்கும் முன்னால், அவருடைய வீட்டிலேயே வைத்து, நீங்கள் பிழை என்று சொல்வதா?

"பேஸ்போலிலயும் பதினொரு பேர்தானே சம்மந்தி? ஸ்ரேடியத்தில நிண்டனீங்கள், உங்களுக்குத்தானே தெரியும்."

"ஓமோம்," என்றேன். "பதினொண்டுதான்."

நாலு கோடை அந்த மைதானத்தில் ஒன்பது பேரைக் கண்ணால் பார்த்தவன் சொன்ன பதில் அது. தேத்தண்ணி நன்றாக இருக்கிறது என்று அதற்குமேல் ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டேன். அன்றைக்குத் தேத்தண்ணியில் சீனி போட மறந்திருந்தார்கள்.

நீங்கள் இரண்டாவது பெட்டி வாங்கினீர்கள். அதிலிருந்து இரண்டு பேரை எடுத்து, கிரிக்கெட் முறைப்படி ஒருவரை அடிக்கிற இடத்துக்குப் பின்னால் வலப்பக்கம் ஸ்லிப்பில் நிறுத்தினீர்கள். மற்றவரை இடப்பக்கம் ஃபைன் லெக்கில். பேஸ்போலில் அடிக்கிறவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க ஒரேயொரு ஆள்தான் நிற்பார் என்பதை உங்களுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? நான்தான். மிஞ்சிய ஏழு பேரை வீணாக்கக் கூடாது என்று ரயில் மேடையில் வைத்தீர்கள். ஏழு பேரும் கையுறையோடு குனிந்து நிற்கிறார்கள். ரயில் வந்தால் அதைக் கையால் பிடித்துவிடுவார்கள் போல இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை ரெயால் உங்கள் மைதானத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். பிறகு என்னைக் கோப்பி மேசைக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, ஏன் பதினொரு பேர் என்று கேட்டார். உங்களிடம் கேட்க அவருக்கு ஒரு கூச்சம். என் சம்பந்திக்கு எண்ணத் தெரியாது என்று ஒரு வெள்ளைக்காரனுக்கு நான் சொல்வேனா? அந்த இரண்டு பொம்மைகளும் பின்னால், இடமும் வலமுமாய், கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறார்கள். பார்த்தவுடன் வாயில் வந்துவிட்டது.

"அவை விளையாட்டுக்காரர் இல்லை," என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். "காவல். எங்கட கோயில் வாசலில இடமும் வலமுமா ரெண்டு பேர் நிப்பினம். எந்த நல்ல இடத்துக்கும் அப்பிடி வைக்கிறது எங்கட வழக்கம்."

ரெயால் தொப்பியைக் கழற்றினார்.

பேந்து நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். ஜினெத் தன் தபால் கந்தோர் வாசலில் இரண்டு பேரை வைத்தார். ரெயால் சுரங்க வாயில் இரண்டு பேரை வைத்தார். ஒரு வருடத்துக்குள் பலகைக்கு இரண்டு காவல் என்று ஆகிவிட்டது. ஒருவர் நிலையத்துக் கழிப்பறைக்கும் இரண்டு பேரை நிறுத்தினார். காரணம் தெரியாமல் நீங்கள் பூரித்துப்போனீர்கள்.

"பாத்தீங்களே சம்மந்தி? நான் ஆக்களை நிறுத்தின விதத்தைப் பாத்து இவங்களும் பழகுறாங்கள்."

"ஓமோம்," என்றேன்.

உங்களிடம் ஒரு பொய், அவர்களிடம் ஒரு பொய். இரண்டையும் தூக்கிக்கொண்டு நான் ஆறு வருடம் சனிக்கிழமை தவறாமல் ரயில் ஓட்டினேன். பொய்யனாய் இருந்தாலும் அந்த நாட்கள் நல்ல நாட்கள், சம்பந்தி. வெளியே பனி கொட்டும், நமது பலகைகளில் மட்டும் எப்போதும் கோடைகாலம்.

மாசியில் நீங்கள் போனீர்கள். சித்திரையில் ரெயால் தொலைபேசி எடுத்தார். ஆனி மாதம் லவாலில் ஒரு மண்டபத்தில் மாதிரி ரயில் கண்காட்சி, நம் சங்கம் அதை உங்கள் நினைவாகச் செய்யப்போகிறது என்றார். எனக்குக் கண் கலங்கியது. உங்கள் படத்தோடு பெரிய அறிவிப்பு வைக்கப்போகிறோம் என்றார். சந்தோசம் என்றேன். அதில் 'காவலர்கள்' என்று தலைப்புப் போட்டு, உங்கள் தமிழ் வழக்கத்தை விளக்கி எழுதியிருக்கிறோம், நீதான் அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்றார். அதோடு விட்டாரா? எழுதியது சரியா என்று பார்க்க ஜினெத் கோயில் ஐயரையும் கூப்பிட்டிருக்கிறார் என்றார்.

யோசித்துப் பாருங்கள் என் நிலையை. உண்மையைச் சொன்னால், செத்தவர் பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்து அவரை ஊர் சிரிக்க வைத்தவன் நான். சொல்லாவிட்டால், உங்கள் படத்துக்குக் கீழே, உங்கள் மனைவி பிள்ளைகளுக்கு முன்னால், ஐயருக்கும் முன்னால் நின்று பொய் சொல்லவேண்டும். இரண்டு கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் கேட்டபோது பிரெஞ்சுப் பேச்சுக்குப் பயம் என்று சொல்லிவைத்தேன்.

உங்கள் பலகையை எடுக்கப் போனேன். பேஸ்மென்ட் ஜன்னலுக்குக் கீழே கிடந்தது. மைதானம் நிறைய மோர் மிளகாய்.

"வேற இடம் இல்லையே," என்றார் சம்பந்தியம்மா. "இதுக்குள்ளதான் நல்ல வெயில் விழுது. நான் ஆக்களில முட்டாமத்தான் போட்டனான்."

உண்மைதான், ஒருவர்மீதும் முட்டவில்லை. வீரர்களுக்கு நடுவே பார்த்துப் பார்த்துப் பரப்பியிருந்தார். மிளகாயைப் பொறுக்கிவிட்டுப் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து சாவணத்தை எடுத்தேன். என் திட்டம் சுகமான திட்டம். இரண்டு பேரையும் பிடுங்கிவிட்டால் விளக்கவேண்டியதே இல்லை, பலகை கொண்டுவரும்போது விழுந்துவிட்டது என்று ஐந்தாவது பொய்யோ ஆறாவது பொய்யோ சொல்லிவிடலாம். ஆனால் கிட்டப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. மற்ற ஒன்பது பேரின் காலடியிலும் ஒரு பூச்சுப் பசைதான். இந்த இரண்டு பேரின் காலடியில் இரண்டு பூச்சு. கீழே மஞ்சளித்த பழைய பசை, அது கிழிந்திருந்தது. மேலே வெள்ளையாய் வேறொரு பசை. எப்போதோ விழுந்திருக்கும், நீங்கள் திரும்ப ஒட்டியிருப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் திரும்ப ஒட்டிய ஆட்களைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

கண்காட்சி நாளும் வந்தது. மண்டபம் நிறையச் சனம். ஏழு பலகையும் பூட்டி வட்டம் மூடியாயிற்று, வானொலி ஓடுகிறது. மாலை போட்ட உங்கள் படம். அதன் கீழே சம்பந்தியம்மா, உங்கள் மகன், என் மகள், பேத்தி. ஐயர் குனிந்து உங்கள் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"துவாரபாலகர் குனிஞ்சு நிக்கிறேல்லையே," என்றார் மெதுவாக. "கையில இருக்கிறதும் கதாயுதம் மாதிரித் தெரியேல்லை."

"கையுறை, ஐயா."

"ஓ," என்றார். துண்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த பலகைக்கு நகர்ந்தார். இன்னும் கேட்டிருக்கலாம்.

ஜினெத் மணி அடித்தார். ரயில் புறப்பட்டது. ரெயால் என் கையில் ஒலிவாங்கியைத் தந்தார். எழுதிவைத்த பேச்சு சட்டைப்பையில் இருந்தது, நல்ல பேச்சு, கோபுரம் எல்லாம் வரும். நான் உங்கள் படத்தைப் பார்த்தேன். டெப்பனர் கல்லாவுக்குப் பின்னால் நின்று எடுத்த படம், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறீர்கள்.

"இவர்கள் காவலர்கள் இல்லை," என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். "இவர்கள் கிரிக்கெட்காரர். பேஸ்போலுக்குப் பதினொரு பேரா என்று என் சம்பந்தி என்னைக் கேட்டார். எனக்கு ஒன்பது என்று தெரியும். அவரைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை, அதனால் பதினொன்று என்றேன். நீங்கள் கேட்டபோது உங்களிடமும் பொய் சொன்னேன். பிழை அவருடையது இல்லை. என்னுடையது."

என் மகள் தலையில் கையை வைத்துவிட்டாள். ரெயால் தன் சுரங்க வாயில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். ஜினெத் வாயைப் பொத்தினார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அப்போதுதான் சம்பந்தியம்மா கதிரையை விட்டு எழும்பினார்.

"அவருக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும் சம்மந்தியம்மா?"

"ஒன்பது எண்டு. நான்தான் சொன்னனான். தூசு தட்டேக்க எண்ணினனான், பதினொண்டு. பேந்து ரீவியில ஆட்டம் போகேக்க எண்ணினனான், ஒன்பது. அஞ்சாறு ஆட்டம் பாத்து எண்ணிப்போட்டுத்தான் சொன்னனான். மனுசன் உடன கீழ போய் ரெண்டு பேரையும் பிடுங்கினவர்."

"பேந்து?"

"பேந்து கையில வைச்சுக்கொண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டவர். ஏனெண்டு கேட்டதுக்கு, ஸ்ரேடியத்தில இருந்தவர் எண்டு சம்மந்தியைப் பற்றி எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன், அந்தாள் பதினொண்டு எண்டு சொன்னவர், அவருக்கே ஆக்கள் எத்தினை எண்டு தெரியாதெண்டு வெளிய வந்தா அந்த மனுசனுக்கு மானம் போயிடும் எண்டவர். நீ பேசாம இரு எண்டு சொல்லிப்போட்டுத் திரும்ப ஒட்டினவர். அஞ்சு வருசம் நான் பேசாம இருந்தனான்."

மண்டபத்தில் தமிழ் தெரிந்த பாதி சிரிக்கத் தொடங்கியது. என் மகள் மற்றப் பாதிக்குப் பிரெஞ்சில் சொன்னாள், சொல்லி முடிக்க முடியாமல் இடையில் நின்று நின்று சொன்னாள். பிறகு அந்தப் பாதியும் சிரித்தது. ரெயால் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐயர் துண்டால் கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்தேன் சம்பந்தி. உங்களுக்கு எண்ணத் தெரியாது என்று ஆறு வருடம் நான் மூடி மறைத்தேன். எனக்கு எண்ணத் தெரியாது என்று நீங்கள் ஐந்து வருடம் மூடி மறைத்தீர்கள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வானொலி கேட்டோம்.

ரெயால் தன் காவலர்களை எடுக்கமாட்டேன் என்று அங்கேயே சொன்னார். அது இப்போது சங்கத்து வழக்கமாம், எங்கே தொடங்கியது என்பது பற்றி அவருக்குக் கவலை இல்லையாம். ஆனால் உங்கள் பலகை உங்கள் குடும்பத்துக்குச் சொந்தம், அதை என்ன செய்வது என்று சம்பந்தியம்மாதான் சொல்லவேண்டும் என்றார். சம்பந்தியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

'நீங்கள் சொல்லுறபடி' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பத்து வருடப் பழக்கம். அதை விழுங்கினேன்.

"ஒன்பதுதான் சரி," என்றேன். "மற்ற ரெண்டையும் எடுக்கத்தான் வேணும்."

"அப்பாடா," என்றார் சம்பந்தியம்மா. "பத்து வருசத்தில இண்டைக்குத்தான் ஒரு கதை கதைச்சிருக்கிறீங்கள்."

இவ்வளவும் சிரிப்புக் கதை. கண்காட்சி முடிந்து, பலகையைக் காரில் ஏற்றி, வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபிறகுதான் சிரிக்க முடியாத மற்றது நினைவில் வந்தது. தை மாதக் கடைசியில் உங்களை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தேன். கட்டிலில் பாதி ஆளாய்க் கிடந்தீர்கள். எழும்பி உட்காரப் பார்த்தீர்கள், சம்பந்தி வந்திருக்கிறாரே என்று.

"ஒண்டுமில்லை சம்மந்தி, சளிதான். வாற சனிக்கிழமை சங்கத்துக்கு வருவன்."

"ஓமோம்," என்றேன். "நல்லாத்தான் இருக்கிறீங்கள். போன முறையைவிட முகம் தெளிஞ்சிருக்கு."

டொக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். மகள் சொல்லி எனக்கும் தெரியும். நீங்கள் என்னைப் பயப்படுத்தக் கூடாது என்று சொல்லவில்லை. நான் உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று கேட்கவில்லை. அரை மணித்தியாலம் ரொறன்ரோ அணியை ஏசிவிட்டு எழும்பினேன். "கவனமாப் போங்கோ, வழியெல்லாம் சறுக்கும்" என்று நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். அந்தக் கதிரையை இழுத்துக் கட்டிலுக்குக் கிட்டப் போட்டு, உங்கள் கையைப் பிடித்து, "சம்மந்தி, எனக்குப் பயமாக்கிடக்கு" என்று ஏன் நான் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நீங்களும் ஏதாவது சொல்லியிருப்பீர்கள். என்ன சொல்லியிருப்பீர்கள் என்று இப்போது எனக்குத் தெரிய வழியில்லை. அது எனக்கு வேண்டியிருக்கிறது, சம்பந்தி. உங்களோடு நான் நிறையக் கதைத்திருக்கிறேன், இதை மட்டும் கதைக்கவில்லை. நீங்கள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை என்றும் இங்கே எழுதிவைக்கிறேன், சம்பந்திமார் அப்படியெல்லாம் சொல்வதில்லை என்று தெரியும்.

இனி நான் யாருக்கும் சொல்லாத ஒன்று. இந்தக் கோடையில் படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. டொக்டர் நெஞ்சைப் படம் எடுத்தார். போன செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல், இன்னும் இரண்டு சோதனை செய்யவேண்டும், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்றார். மகள் இரண்டு தரம் கேட்டுவிட்டாள். ஒன்றுமில்லை பிள்ளை, பலகை தூக்கினது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவளும் "ஓமப்பா, நல்லாத்தான் இருக்கிறீங்கள்" என்றாள். அதைச் சொன்ன நேரம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கீழே பேஸ்மென்ட்டில் இருந்து எழுதுகிறேன். அவள் மேலே சமைத்துக்கொண்டு நிற்கிறாள், சட்டிச் சத்தம் கேட்கிறது. உங்களுக்குச் சத்தியம் பண்ணுகிறேன், இந்தப் பேனையை மூடியதும் மேலே போவேன். அடுப்பை நிற்பாட்டச் சொல்லி, அவளை உட்காரவைத்து, டொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொல்வேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். கத்துவாள், கத்தட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியின் அம்மப்பா